அம்மாவின் புற்றுநோயும் தாய்மாமாவின் மனநோயும் ஒரே வேரில் வந்தவையா?

குமரி மாவட்டத்துக் குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. அவருடைய அம்மா 44 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். அம்மாவைப் பெற்ற பாட்டி ‘வயிற்றில் கட்டி வந்து, நீர் கோத்து’ இறந்ததாக வீட்டில் பேச்சு. சித்திக்கு 50 வயதில் அதே மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். தாய்மாமாவுக்கு இளவயதிலேயே தொடங்கிய மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருகிறார். சித்தியின் கீமோ நாட்களில் வீட்டுக்கு வந்த மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்தால், மாமா ஆண்டுக்கணக்காகச் சாப்பிடும் அதே ஓலான்சபின். “அப்படியென்றால் இரண்டும் ஒரே ஜீன் கோளாறுதானா? எனக்கு 31 வயது. நான் எதற்குப் பயப்பட வேண்டும்? தங்கைக்கு வரன் பார்க்கிறோம், அவர்களிடம் என்ன சொல்வது?” என்கிறார்.

நான் மனநல மருத்துவன். தமிழக-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். அதில் பல ஆண்டுகள் புற்றுநோய் வார்டுகளில் மனநல ஆலோசனைக்காக. மரபியல் என் தனித்துறை அல்ல. ஆனால் இந்தக் கேள்வியை நோயாளிகளின் வீட்டார் கேட்டுக்கொண்டே இருந்ததால் தேடித் தேடிப் படிக்க வேண்டி வந்தது. உங்கள் குடும்பத்தாரை நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த மாத்திரை. அதுதான் உங்கள் பயத்துக்கு விதை போட்டிருக்கிறது. ஓலான்சபின் மனச்சிதைவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துதான். ஆனால் டோபமின், செரோடோனின் என்ற மூளை ரசாயனங்கள் வந்து ஒட்டும் இடங்களை, அதாவது ஏற்பிகளை, அது அடைக்கிறது; அந்த ஏற்பிகள் மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியிலும் இருக்கின்றன. கீமோவுக்குப் பிறகு வரும் வாந்திக்கும் குமட்டலுக்கும் அது நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்த பிறகு, உலகம் முழுக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும், அதை எழுதுகிறார்கள். ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும், பசியும் எடுக்கும். அவ்வளவுதான். சித்திக்கு மனநோய் வந்துவிட்டது என்றோ, மாமாவின் நோயும் புற்றுநோயின் ஒரு வடிவம் என்றோ அதற்குப் பொருளில்லை. அட்டையில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில், டாக்டர் பேசுவது மலையாளத்தில், வீட்டில் படிப்பது தமிழில் என்று இருக்கும் நம் ஊரில் இப்படி எத்தனையோ விஷயம் நடுவழியில் விழுந்துவிடுகிறது.

இனி ஜீன் கேள்வி. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கதைகள். புற்றுநோய்க் கதை ஒரே ஒரு ஜீனில் அடங்கக்கூடியது. அதைச் சோதித்துப் பார்க்க வழியும் இருக்கிறது, பார்க்கத்தான் வேண்டும். மாமாவின் கதை நூற்றுக்கணக்கான ஜீன்களிலும் வாழ்க்கைச் சூழலிலும் சிதறிக் கிடப்பது. அதற்கு உங்களுக்கு உதவுகிற ஜீன் பரிசோதனை இன்று எங்கும் இல்லை.

புற்றுநோய்களில் பெற்றோரிடமிருந்து நேரடியாக ஒரு பழுதுபட்ட ஜீன் இறங்கி வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். மற்றவை வயது, புகையிலை, கிருமி, ஹார்மோன், தற்செயல் என்று வாழ்நாளில் சேர்பவை. ஆனால் உங்கள் வீட்டு வரிசை அந்த 5–10-ஐ நினைக்க வைக்கிறது. அம்மாவுக்கு 50-க்கு முன்னால், கூடப்பிறந்த சித்திக்கும் அதே உறுப்பில், அதற்கு மேல் பாட்டி. ‘வயிற்றுக் கட்டி’ என்று நம் வீடுகளில் சொல்லி முடித்துவிடுவதில் குடல், ஈரல், கருப்பை எல்லாமே அடங்கிவிடும். ஆனால் ஒரு பெண்ணுக்கு வயிறு நீர் கோத்து வீங்கி, சில மாதங்களில் முடிந்துபோனது என்றால், சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாமோ என்று கேட்டாக வேண்டும். மார்பகமும் சினைப்பையும் ஒரே குடும்பத்தில் வந்தால் முதலில் தேடுவது பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு ஜீன்களை. முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-இல் அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் காட்டினார். 1994-இல் ஒன்றும் 1995-இல் மற்றதும் அடையாளம் காணப்பட்டன. உடைந்த டி.என்.ஏ.-வை ஒட்டுப்போடுவது இவற்றின் வேலை. பழுதுபட்ட பிரதி உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது 100-க்கு 70 அளவு என்று, பெரும்பாலும் மேலை நாட்டுக் குடும்பங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்கும் மகளுக்கும் அதில் வேறுபாடு கிடையாது. இந்த இரண்டு ஜீன்களும் மனச்சிதைவை உண்டாக்குகின்றன என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மனச்சிதைவின் கணக்கு வேறு மாதிரி. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்குச் சற்றுக் குறைவு. ஜீன் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் பாதிக்கு மேல் தப்பிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2022-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு இந்த நோயோடு தொடர்புடைய 287 இடங்களை நம் மரபணுத் தொகுதியில் குறித்தது. ஒவ்வொன்றின் பலமும் மிகச் சிறிது. 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப்போவது போன்ற அரிய மாற்றங்கள் மட்டும்தான் தனியாகவே பெரிய ஆபத்தைத் தருகின்றன. அந்தக் குறை உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. சாதாரணமாக 100 பேரில் ஒருவருக்கு வரும் நோய், தாய்மாமாவுக்கு இருந்தால் அவருடைய சகோதரியின் மகளுக்கு 100-க்கு மூன்று அல்லது நாலு என்பது பழைய குடும்ப ஆய்வுகளின் கணக்கு. மீதி 96 பேருக்கு வராது. இந்த நோய் அதிகமும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தொடங்குகிறது. 31 வயதில் நீங்கள் அந்தக் காலத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டீர்கள்.

அப்படியானால் இரண்டுக்கும் ஜீன் வழியில் தொடர்பே இல்லையா? இருக்கிறது. சில இடங்களில் உறுதியாகவே இருக்கிறது. நன்றாக நிறுவப்பட்டது பி.டென் என்ற ஜீன். 1997-இல் கண்டுபிடித்தார்கள். செல் வளர்வதற்கு வரும் சமிக்ஞையை மட்டுப்படுத்துவது அதன் வேலை. பேச்சிப்பாறைக் கால்வாயில் மடைப்பலகை செய்வதைப் போல. பலகை கழன்றால் தண்ணீர் எந்த வயலுக்குப் போனாலும் வெள்ளம்தான். மார்பகத்திலும் தைராய்டிலும் கருப்பை உட்சுவரிலும் அது கட்டியாகிறது. வளரும் மூளையில் அது தலை பெரிதாவதாகவும், பிள்ளைக்கு ஆட்டிசமாகவும் வெளிப்படுகிறது. ஒரே குடும்பத்தில் அத்தைக்கு மார்பகப் புற்றுநோயும் பிள்ளைக்குப் பெரிய தலையோடு ஆட்டிசமும் இருந்தால் நான் முதலில் எடுப்பது தையல்காரர் வைத்திருக்கும் அதே டேப். நெற்றியைச் சுற்றிப் பின்மண்டை வரை அளந்து, அந்த வயதுக்குரிய அட்டவணையில் வைத்துப் பார்ப்பேன். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி ஈறிலும் நாக்கிலும் கூழாங்கல் பதித்த மாதிரிச் சிறு முண்டுகள் இருக்கின்றனவா, முகத்தில் மயிர்க்கால் ஓரங்களில் பருபோலத் தடிப்புகள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. கண்ணில் பட்டால் மரபியல் பிரிவுக்கு அனுப்பிவிடலாம்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு. டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்ற நோயில் வலிப்பும் ஆட்டிசமும் சிறுநீரகக் கட்டிகளும் ஒன்றாக வருகின்றன. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகையில் தோலில் காப்பிநிறத் திட்டுகள், நரம்புக் கட்டிகள், படிப்பில் சிரமம், கவனக்குறைவு, பெண்களுக்கு 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குக் கூடுதல் வாய்ப்பு. மூன்றிலும் மனம் சார்ந்த பக்கம் பெரும்பாலும் ஆட்டிசம், கவனக்குறைவு, கற்றல் குறைபாடு; உங்கள் மாமாவுக்கு வந்ததுபோல இளவயதில் குரல் கேட்கத் தொடங்குவது அல்ல. ஆகவே இவை உங்கள் வீட்டுக்குப் பொருந்த வாய்ப்புக் குறைவு. மரபியல் ஆலோசகர் எப்படியும் கேட்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொரு உறுதியான சந்திப்பு 15-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நிக்கோட்டின் ஏற்பியை உண்டாக்கும் மூன்று ஜீன்கள் அங்கே அருகருகே கிடக்கின்றன. 2008-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அந்த இடத்தை நுரையீரல் புற்றுநோயோடு இணைத்தன. 2014-இல் மனச்சிதைவு ஆய்விலும் அதே இடம் வந்து நின்றது. இதைக் கேட்டதும் ‘ஒரே ஜீன், இரண்டு நோய்’ என்று சொல்லத் தோன்றும். அவ்வளவு நேரடியானதில்லை. அந்த ஜீன் மாற்றம் உள்ளவர்கள் புகைக்கத் தொடங்கினால் அதிகம் புகைக்கிறார்கள், விடுவது கடினமாகிறது. புற்றுநோய்க்கான பாதையின் பெரும்பகுதி பீடி வழியாகத்தான் போகிறது. மனச்சிதைவோடு அது எந்த வழியாக இணைகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இங்கிருந்து சந்தேகப் பகுதி. 1909-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் மனநல விடுதிகளை மேற்பார்த்த ஆணையர்கள், அங்கே புற்றுநோய் மரணம் குறைவாக இருக்கிறது என்று எழுதினார்கள். அந்தக் காலத்து விடுதிகளில் புற்றுநோய் வரும் வயதுக்கு முன்பே காசநோயில் இறந்தவர்கள் ஏராளம்; கட்டியைத் தேடிப் பார்த்தவர்களும் இல்லை. ஆகவே அந்தக் குறிப்பை மட்டும் நம்ப முடியாது. ஆனால் பின்லாந்தில் 2001-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று நோயாளிகளின் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் எடுத்துக்கொண்டு பார்த்தது. நோயாளிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதல். ஆனால் நோயில்லாத உறவினர்களுக்குப் புற்றுநோய் பொதுமக்களைவிடச் சற்றே குறைவு. இஸ்ரேலிலும் இதேபோல் கண்டார்கள். செல்லை வளரவிடாமல் சாகச்செய்யும் ஜீன் அமைப்பு மூளைக்குக் கெடுதலாகவும் புற்றுநோய்க்குத் தடையாகவும் இருக்குமோ என்று அப்போது ஒரு கருத்து எழுந்தது. கேட்க நன்றாக இருக்கும் கருத்து. நிரூபணம் ஆகவில்லை.

அதற்கு நேர் எதிரான செய்தி மார்பகத்திலிருந்தே வருகிறது. மனச்சிதைவு உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் பொதுமக்களைவிடச் சற்று அதிகம் என்பது பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. இரண்டு நோயின் ஜீன் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சின்னதாக ஒரு பொருத்தமும் தெரிகிறது. ஆனால் அந்தப் பெண்களுக்குக் குழந்தைப்பேறு குறைவு, உடல் எடை கூடுதல், சில மருந்துகள் புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்துகின்றன. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் போன்றவை அதிகம் உயர்த்தும், ஓலான்சபின் அவ்வளவு இல்லை, அரிப்பிப்ரசோல் உயர்த்துவதில்லை. இத்தனைக்கும் நடுவே ஜீனின் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வரும் ஆபத்து உடனடியானது, உறுதியானது. வீட்டில் மார்பகப் புற்றுநோய் உண்டு என்பதை மருத்துவரிடம் சொன்னால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் கணக்கில் எடுப்பார்.

நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே தெரிந்தது: “மாமாவை நினைத்து நினைத்தே அம்மாவுக்கு இது வந்தது” என்று வீட்டில் சொல்கிறார்கள் அல்லவா? அது தவறு. நெதர்லாந்து, பிரிட்டன், நார்வே, கனடா நாடுகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மனச்சோர்வோ பதற்றமோ இருந்தவர்களுக்கு மார்பகம், குடல், புராஸ்டேட் புற்றுநோய் அதிகம் வரவில்லை. நுரையீரல் போன்ற புகையிலை சார்ந்த புற்றுநோய்கள் மட்டும் கொஞ்சம் கூடின. அதற்கும் பெரும்பாலும் புகைப்பழக்கமே காரணம். அம்மாவின் மரணத்தை மாமாவின் தலையில் கட்ட மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அதை மாமாவின் காதில் விழும்படி ஒருமுறையாவது யாராவது சொல்லுங்கள். நம் கடலோர மணலைக் குறை சொல்பவர்களும் உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில், இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள அதே மோனசைட் மணல்மேல் வாழும் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியிட்ட முடிவில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

ஜீன் இல்லாமலே இந்த இரண்டு நோயும் ஒருவரிடம் சேரும் வழிகளும் உண்டு. அதுவரை நன்றாக இருந்த இளம்பெண் ஒருத்தி சில நாட்களில் உளறத் தொடங்கி, தூக்கம் போய், வலிப்பு வந்து, உடல் விறைத்துப்போனால், எங்கள் வார்டில் இப்போது வயிற்று ஸ்கேனும் எடுப்போம். சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி இருந்து, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் மூளையைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு; 2007-இல் ஜோசப் தல்மாவ் குழுவினர் விளக்கினார்கள். கட்டியை எடுத்து, தக்க மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களைக் கோவிலில் கட்டிப்போட்டிருப்பார்கள், அல்லது திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை மனநல மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்கள். மூளைக்குப் பரவிய புற்றுநோய், இரத்தத்தில் கால்சியம் ஏறுவது, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் திடீரென மனம் பிறழச் செய்யும். மாமாவுக்கு ஆண்டுக்கணக்காக இருக்கும் நோய் இந்த வகை அல்ல. ஆனால் சித்தியின் பேச்சிலும் நடத்தையிலும் என்றைக்காவது திடீர் மாற்றம் தெரிந்தால், ‘மாமா மாதிரி ஆகிவிட்டாள்’ என்று வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சொந்தத்தில் திருமணம் செய்ததால்தான் இப்படியா என்றும் பலர் கேட்பார்கள். பி.ஆர்.சி.ஏ. போன்ற ஜீனில் ஒரு பிரதி பழுதுபட்டாலே போதும். அதனால் அத்தை மகன், மாமன் மகள் திருமணம் இந்தப் புற்றுநோயைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே பழுது இருந்தால் மட்டும் பிள்ளைக்கு ஃபான்கோனி இரத்தசோகை போன்ற கடுமையான அரிய நோய் வரலாம். ஆகவே தங்கைக்குச் சொந்தத்தில் பார்ப்பதாக இருந்தால், ஜீன் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுப்பது நல்லது.

பரிசோதனையில் முதலில் வர வேண்டியவர் நீங்கள் அல்ல, சித்தி. நோய் வந்த ஒருவரிடம் பழுது எது என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒரு எழுத்துப் பிழையை மட்டும் தேடினால் போதும். நீங்கள் முதலில் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால், வீட்டில் இருந்த பழுது உங்களுக்கு வரவில்லையா, அல்லது வீட்டில் உள்ள பழுதை அந்தப் பரிசோதனை பார்க்கவே இல்லையா என்று தெரியாமல் போய்விடும். சித்தியின் ஆபரேஷனில் எடுத்த கட்டியில் செய்த சோதனையும் இதுவும் வேறு. இதற்கு இரத்தமோ எச்சிலோ எடுப்பார்கள். சித்தி தொடர்ந்து காட்டும் இடத்திலேயே மரபியல் ஆலோசனை வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். அப்பா வழியையும் எழுதிக்கொள்ளுங்கள்; மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மா வழிதான் என்று நினைத்து அப்பாவின் சகோதரிகளை விட்டுவிடுவது எங்கும் நடக்கிறது.

முடிவு மூன்று விதமாக வரலாம். பழுது உண்டு, இல்லை, அல்லது பொருள் தெளிவாகாத ஒரு மாற்றம். மூன்றாவது இந்தியர்களுக்கு அதிகம் வருகிறது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் தரவுகளில் நம்மவர்கள் குறைவு. அந்த முடிவை வைத்து யாரும் ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது. பழுது உறுதியாகி உங்களுக்கும் வந்திருந்தால், ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ., மேமோகிராம் இரண்டும் செய்துகொள்ளும் வயதில் நீங்கள் இருக்கிறீர்கள். பழுது பி.ஆர்.சி.ஏ.1-இல் இருந்தால் குழந்தைப்பேறு முடிந்து 35-க்கும் 40-க்கும் இடையில் சினைப்பைகளை எடுத்துவிடுவது பற்றி மருத்துவர் பேசுவார். சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லாததால்தான் இந்த யோசனை. முடிவு எதுவானாலும் மாமாவின் நோயைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ‘எச்சிலை அனுப்புங்கள், மனநோய் வருமா என்று சொல்கிறோம்’ என்று விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். ஜீன்களைக் கூட்டி அவர்கள் போடும் ஆபத்து மதிப்பெண்கள் தனி ஒருவருக்குக் குறி சொல்லும் அளவுக்கு வளரவில்லை.

வரன் வீட்டாரிடம் என்ன சொல்வது? என் கருத்தைச் சொல்கிறேன். இது மருத்துவம் அல்ல. அம்மா எதனால் இறந்தார், மாமா எதற்கு மருந்து சாப்பிடுகிறார் என்பதை மறைக்க வேண்டாம். குமரி மாவட்டத்தில் எந்த வீட்டுக் கதையும் இரண்டு பஸ் ஸ்டாப் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். மறைத்தது தெரிந்த பிறகு தங்கை அந்த வீட்டில் படும் பாட்டை நான் வார்டில் பார்க்கிறேன். ஆனால் தங்கையின் ஜீன் ரிப்போர்ட் அவளுக்குரியது. அதைக் கல்யாணச் சந்தையில் நற்சான்றிதழாகக் காட்டச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எடுப்பதா வேண்டாமா, எப்போது எடுப்பது, கணவனாக வரப்போகிறவரிடம் எப்போது சொல்வது எல்லாம் அவள் முடிவு. இந்த நாட்களில் அவளுக்கோ உங்களுக்கோ தூக்கம் கெட்டு, மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கடைசியாக மாமா. நீங்கள் உங்களைப் பற்றியும் தங்கையைப் பற்றியும் கேட்டீர்கள். புற்றுநோயும் மனநோயும் சந்திக்கும் இடத்தில் உங்கள் வீட்டில் அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான், ஜீனால் அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2013-இல் வெளிவந்த ஆய்வில், மனநல சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகம் வரவில்லை. வந்தபிறகு இறப்பது அதிகம். பரவிய பிறகு வந்து சேர்வதும், ஆபரேஷன் கிடைக்காமல் போவதும் காரணங்கள். நம் ஊரில் இது இன்னும் மோசம் என்று என் அனுபவம் சொல்கிறது. மனநோயாளி “தொண்டை வலிக்கிறது” என்றால் அதையும் நோயின் பேச்சு என்று வீட்டிலும் ஓ.பி.யிலும் தள்ளிவிடுகிறார்கள். மனநலச் சீட்டு ஆசாரிப்பள்ளத்தில், புற்றுநோய் ஃபைல் திருவனந்தபுரத்தில். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் ஆள் இல்லை. மாமா பீடி குடிப்பவரோ வெற்றிலையோடு புகையிலை போடுபவரோ என்றால், மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரம் ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் ஏதாவது இருந்தால் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இப்படி வெறும் கண்ணால் வாயைப் பார்த்தே, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு நடந்தது நமக்குப் பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான், 2005-இல் வெளியானது.

அவருக்கு ஏதாவது கண்டுபிடித்து அட்மிட் செய்ய நேர்ந்தால், மனநல மாத்திரைச் சீட்டை முதல் நாளே டாக்டர் கையில் கொடுங்கள். பீடிப்புகை ஓலான்சபினையும், மனச்சிதைவுக்குத் தரும் இன்னொரு மருந்தான குளோசபினையும் உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும்; வார்டில் திடீரென்று பீடி நின்றால் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் ஏறிவிடும், ஆள் மயங்கிக் கிடப்பார். குளோசபின் சாப்பிடுபவருக்குக் கீமோவும் சேர்ந்தால் வெள்ளணுக்கள் சரியும், அதற்கு இரண்டு மருத்துவர்களும் பேசிக்கொள்ள வேண்டும். சித்திக்கும் ஒன்று: மார்பகப் புற்றுநோய் திரும்ப வராமலிருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையை அவர் சாப்பிடுகிறார் என்றால், மனச்சோர்வுக்கு யாராவது ஃபுளுவாக்சடினோ பராக்சடினோ எழுதினால் இந்த விவரத்தைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். அவை இரண்டும் டமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கின்றன. எஸ்சிடலோபிராம், வென்லாஃபாக்சின் போன்றவற்றில் அந்தச் சிக்கல் குறைவு.